பேகம்பேட்டை கண்ணாடித் தகடுகளும் விண்மீன்களின் தூரமும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேசிய பெரியவர் ஒருவர், "உலகத்திலேயே முதன்முதலாக நட்சத்திரங்களின் தூரத்தைப் படம் பிடித்து அளந்தது நம்ம ஹைதராபாத்தில்தான்" என்றார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். மல்காஜ்கிரிக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, இந்த ஊருக்குப் பெருமை என்றால் நமக்கும் பெருமைதானே! ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனசுக்குள் ஓர் உறுத்தல். பருப்பு மண்டி வைத்துப் பிழைத்தவன் நான். எடை சரியா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பது தொழில் பழக்கம். அதனால் பெரியவர் சொன்னதையும் நிறுத்துப் பார்த்தேன். கல்லூரிப் படிப்பு இல்லாதவன், நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னது சரியில்லை. ஆனால் உண்மையில் நடந்தது அதைவிடப் பெரிய காரியம் என்பது என் கட்சி.

தூரத்தை அளப்பது எப்படி?

மல்காஜ்கிரியில் ரயில் ஏறி மௌலாலி பக்கம் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பாருங்கள். தண்டவாளத்து ஓரக் கம்பங்கள் விர்ரென்று பின்னால் ஓடும். மௌலாலி குன்று மெள்ள நகரும். அதற்கும் அப்பால் உள்ளது நகர்ந்தது போலவே தெரியாது. பக்கத்தில் இருப்பது அதிகமாக இடம் மாறும், தூரத்தில் இருப்பது குறைவாக மாறும். எவ்வளவு மாறியது என்று அளந்துவிட்டால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். இதற்கு 'இடமாறு தோற்றம்' என்று பெயர். இங்கிலீஷ்காரர்கள் பாரலாக்ஸ் என்பார்கள்.

விண்மீன்களுக்கு இந்த வித்தையைச் செய்ய நமக்குக் கிடைத்திருக்கும் ரயில் பூமிதான். அது சூரியனைச் சுற்றும்போது ஆறு மாதத்தில் ஏறக்குறைய 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை பார்த்தால், பக்கத்து விண்மீன் பின்னணியில் உள்ள மங்கலான விண்மீன்களை ஒட்டிக் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் சங்கடம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் தெரிகிற கோணம்தான் ஒரு விகலை. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள ஆல்பா சென்டாரிக்குக்கூட இடமாற்றம் முக்கால் விகலைதான். சித்திரை வைகாசி இரவுகளில் தெற்கே அடிவானத்தை ஒட்டி ஹைதராபாத்தில் தெரிகிற மீன் அது. நம் வந்தவாசிப் பக்கம் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரியும்.

1838-ல் ஜெர்மானியர் பெஸ்ஸல், 'சிக்னஸ் 61' என்ற மங்கலான விண்மீனின் தூரத்தை அளந்து வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தது 0.314 விகலை, இன்றைய அளவு 0.286. சுமார் 11.4 ஒளியாண்டு தூரம். பிரகாசமான மீன்கள் எத்தனையோ இருக்க, பெஸ்ஸல் ஏன் இந்த மங்கல் மீனைப் பிடித்தார்? அது ஆண்டுக்கு ஐந்து விகலைக்கு மேல் வானத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகமாக நகர்வது போலத் தெரிவது பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஊர்தல் எப்படித் தெரிந்தது? பழைய காலத்தில் யாரோ அதன் இடத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் ஒப்பிட்டதால் தெரிந்தது. வாசக அன்பர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மற்ற பகுதி எல்லாம் இதில் வந்து நிற்கும்.

கண்ணுக்குப் பதில் கண்ணாடி

1880-களில் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிச்சர்ட் என்பவர் புகைப்படம் எடுத்து விண்மீன் தூரத்தை அளக்கத் தொடங்கினார். 1903 முதல் அமெரிக்காவில் யெர்க்கிஸ் வானாய்வு நிலையத்தின் 40 அங்குலத் தொலைநோக்கியில் ஷ்லெசிங்கர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். அந்தத் தொலைநோக்கி மிக நீளமானது, அதனால் கண்ணாடித் தகட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் பத்துப் பதினொரு விகலைதான் அடங்கும். 0.3 விகலை நகர்ந்தால் தகட்டில் ஒரு மில்லிமீட்டரில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதை நுண்ணோக்கியில் வைத்து அளந்தார்கள். ஒரு தடவை எடுத்தால் போதாது, இரண்டு மூன்று வருஷம் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அப்போதுதான் விண்மீனின் சொந்த ஊர்தலையும் பூமி சுற்றுவதால் வரும் ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும். ஃபிலிம் சுருள் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும். அதனால்தான் கண்ணாடி.

ஆக, முதலில் படம் பிடித்து அளந்தது ஹைதராபாத் அல்ல. அப்படியானால் இங்கே நடந்தது என்ன?

நிஜாமியா வானாய்வு நிலையம்

நவாப் ஜஃபர் ஜங் என்ற பிரபு, வானியலில் இருந்த ஆசையால் இங்கிலாந்திலிருந்து 15 அங்குல கிரப் தொலைநோக்கியை வரவழைத்து, 1901-ல் பிஸல் பண்டாவில் உள்ள தம் இடத்தில் ஒரு வானாய்வு நிலையத்தைத் தொடங்கினார். ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் காலம் அது. தமக்குப் பின் அரசே இதை ஏற்று நடத்த வேண்டும் என்பது நவாபின் விருப்பம். அவர் மறைவுக்குப் பின் 1908-ல் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்டது. மூசி ஆற்று வெள்ளம் இந்த நகரத்தைப் புரட்டிப் போட்டதும் அதே வருஷம்தான். நிலையம் பேகம்பேட்டைக்கு வந்தது. சாட்வுட் என்ற ஆங்கிலேயர் முதல் இயக்குநர். 1914-ல் போகாக் வந்தார், 1918-ல் காலமானார். அதன் பின் பொறுப்பேற்றவர் டி.பி. பாஸ்கரன். 1944 வரை இருபத்தாறு ஆண்டுகள் அவர்தான் நடத்தினார். 1919-ல் நிலையம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது.

இவர்கள் எடுத்துக்கொண்ட வேலை என்ன தெரியுமா? 1887-ல் பாரிஸில் ஒரு மாநாடு கூடியது. வானம் முழுவதையும் புகைப்படம் எடுத்து, ஏறக்குறைய பதினோராம் ஒளித்தரம் வரையுள்ள எல்லா விண்மீன்களின் இடத்தையும் அட்டவணை போடுவதென்று தீர்மானித்தார்கள். வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு நாட்டு நிலையத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள், ஆனால் எல்லாரும் முடிக்கவில்லை. சிலி நாட்டுச் சாண்டியாகோ நிலையத்துக்குக் கொடுத்த தெற்கு 17 முதல் 23 பாகைப் பட்டை அப்படியே நின்றது. அதை ஹைதராபாத் எடுத்துக்கொண்டது. 1914 முதல் 1929 வரை அந்த வேலை. பிறகு ஜெர்மனியின் போட்ஸ்டாம் நிலையம் முடிக்காத பங்கில் வடக்கு 36 முதல் 39 பாகை வரையுள்ளதையும் ஏற்றுக்கொண்டு, 1928-க்கும் 1938-க்கும் இடையில் படம் எடுத்தார்கள். ஒப்புக்கொண்டவர் விட்டதை ஒப்புக்கொள்ளாதவர் முடித்துக் கொடுத்த கதை இது!

வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 8 அங்குல குக் புகைப்படத் தொலைநோக்கி. ஒரு தகட்டில் இரண்டு பாகைக்கு இரண்டு பாகை வானம் விழும். தகட்டின் மேல் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்ட கோடுகளும் பதிந்திருக்கும். ராத்திரி முழுக்கப் படம் எடுப்பது ஒரு பாதி வேலை. பகலில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துக் கோட்டிலிருந்து குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று எழுதுவது மறு பாதி. ஒரு புள்ளி, இரண்டு எண். அடுத்த புள்ளி, இரண்டு எண். இப்படியே லட்சக்கணக்கில். நிலையத்தின் வரலாற்றுக் குறிப்புகளில் 7,63,542 என்ற எண்ணிக்கையைக் காணலாம். பன்னிரண்டு தொகுதிகள் அச்சாயின. மண்டியில் ஆண்டு முடிவுச் சரக்குக் கணக்கு எடுக்கும்போது மூன்றாம் நாளே நமக்கு முதுகு ஒடிந்துவிடும். இவர்கள் கால் நூற்றாண்டு சரக்குக் கணக்கு எடுத்திருக்கிறார்கள்.

இதில் தூரம் எங்கே வந்தது? வரவில்லை. இந்தத் திட்டத்துத் தகடுகளில் ஒரு மில்லிமீட்டருக்கு அறுபது விகலை என்பது பொது அளவு. அந்தக் கணக்கில் சிக்னஸ் 61-இன் ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அதைப் பிடிக்க இந்தத் திட்டம் ஏற்படவில்லை. எந்தெந்த மீன் எங்கெங்கே இருந்தது என்று எழுதி வைப்பதுதான் நோக்கம்.

அறுபது வருஷம் தூங்கிய கணக்கு

உலகம் முழுவதும் சேர்த்து நாற்பத்தாறு லட்சம் விண்மீன்கள். ஆனால் அச்சிட்டது தகட்டின் மேல் உள்ள குறுக்கு நெடுக்கு எண்களை. வானத்தில் அந்த மீனின் இடம் தெரிய வேண்டுமானால் வேண்டியவர் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கையால் யார் போடுவது? தொகுதிகள் நூலகங்களில் தூங்கின. இவ்வளவு பாடும் வீண் என்று சொன்னவர்களும் உண்டு.

கணினி வந்தது. 1989-ல் ஐரோப்பியர்கள் ஹிப்பார்க்கஸ் என்ற விண்கலத்தை அனுப்பி 1,18,218 விண்மீன்களை அளந்து, 1997-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் புகைப்பட முறை உள்ளிட்ட வழிகளில் நூற்றைம்பது வருஷமாகத் தூரம் அளந்த விண்மீன்கள் 1995-ஆம் ஆண்டு யேல் அட்டவணைப்படி 8,112 மட்டுமே. அந்தச் சமயத்தில் அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையம் கணினியில் ஏற்றப்பட்ட பழைய தொகுதிகளின் எண்களை வான இடங்களாக மாற்றியது. ஹைதராபாத்தின் இரண்டு பட்டைகளும் அதில் உண்டு. அந்தப் பழைய இடங்களையும் விண்கலம் கண்ட புதிய இடங்களையும் ஒப்பிட்டு, இருபத்தைந்து லட்சம் விண்மீன்களின் ஊர்தலைச் சொல்லும் 'டைக்கோ-2' அட்டவணை 2000-ல் வந்தது. பேகம்பேட்டையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர்களின் எண்கள் இப்படித்தான் பயனுக்கு வந்தன.

2013-ல் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை அளந்த கையா விண்கலம், நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடமாற்றத்தைத் தந்துவிட்டது. இனி பழசு எதற்கு என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று ஒரு விண்மீனைப் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி ஆட்டிவைத்தால், சில வருஷம் மட்டும் பார்க்கும் விண்கலத்துக்கு ஊர்தல் ஒரு விதமாகத் தெரியும், எழுபது எண்பது வருஷ இடைவெளியில் வேறு விதமாகத் தெரியும். அந்த வேறுபாட்டால்தான் துணை இருப்பதே புலப்படும். எவ்வளவு நல்ல விண்கலம் செய்தாலும் 1920-ஆம் வருஷத்து வானத்தை அதனால் படம் எடுக்க முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். என் தகப்பனார் எழுதிய பேரேடுகள் ஊரில் பரண் மேல் கிடந்தன. கரையான் அரித்த பழங்கணக்கு எதற்கு என்று பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன். நாலு வருஷம் கழித்துப் பங்காளிகளுக்குள் ஒரு நிலத் தகராறு. யார் எந்த வருஷம் எவ்வளவு கொடுத்தது என்பதற்கு அந்தப் பேரேடுதான் சாட்சி. பேரேடு இல்லை. வழக்கும் போயிற்று, உறவும் போயிற்று.

நம் நூலும் கண்ணாடித் தகடும்

நாங்கள் நயினார் வகுப்பு, சமணர். சின்ன வயசில் தத்துவார்த்த சூத்திர உரை கேட்டபோது, தரைக்கு மேலே 790 யோசனை உயரத்தில் தாரகைகள், 800-ல் சூரியன், 880-ல் சந்திரன் என்று மனப்பாடம் செய்தேன். கண்ணாடித் தகடு சொல்வது வேறு. தாரகை சூரியனுக்கு இந்தப் பக்கம் இல்லை, லட்சக்கணக்கான மடங்கு அந்தப் பக்கம். பெரியவர்கள் சிலர் இதைக் கேட்டு வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. தெரிந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதும் அதே பெரியோர் கற்றுக்கொடுத்ததுதான். தராசு காட்டுவதை மாற்றிச் சொல்கிறவன் வியாபாரி இல்லை.

தமிழர்களுக்கும் இந்தத் துறை புதிதல்ல. சென்னை வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று ஜனங்களுக்குப் புரிய நம் நாட்டு மொழிகளில் எழுதியவர். அந்த வெள்ளிக் கடப்பும் இடமாறு தோற்றத்தால் சூரியனின் தூரத்தை அளக்கும் காரியமே. கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பாதுகாப்பு பேகம்பேட்டையின் தகடுகளுக்கும் ஏடுகளுக்கும் வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

பேகம்பேட்டையில் பொருளாதார, சமூக ஆய்வு மையம் இருக்கும் வளாகத்துக்கு இன்றும் 'நிஜாமியா அப்சர்வேட்டரி வளாகம்' என்றுதான் விலாசம். ஆராய்ச்சி வேலை 1960-களின் கடைசியில் ரங்காபூரின் 48 அங்குலத் தொலைநோக்கிக்குப் போய்விட்டது. நம் சங்கத்துப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரிய அனுமதி வாங்கி, பேகம்பேட்டைக்கு அழைத்துப் போகலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே போய், "இங்கேதான் முதன்முதலில் நட்சத்திர தூரத்தை அளந்தார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "தங்களுக்கு விடை கிடைக்காது என்று தெரிந்தும், பின்னால் வருகிறவன் கணக்குப் போடட்டும் என்று இருபத்தைந்து வருஷம் எழுதி வைத்தார்கள்" என்று சொல்லுங்கள். அதுதான் நடந்தது.