மூடுகொடியும் களைக்கொத்தும்: மலாயா இரப்பர்த் தோட்டங்களின் மரத்தடி வரலாறு

மலாயாத் தமிழரின் தோட்ட வரலாறு பெரும்பாலும் பால்மரத்தின் பட்டையை நோக்கியே எழுதப்பட்டு வந்துள்ளது. பால்வெட்டுக் கத்தி, வாளி, பெரட்டுக் களம், கங்காணி ஆகியவை நம் நாவல்களிலும் ஆய்வேடுகளிலும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. மரத்தடி நிலமோ அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. நட்ட கன்று பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோட்டத்தின் இடையறா வேலை களையெடுப்பே. அதன் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் பெண்கள்.

தொடக்ககாலத் துரைமார்கள் பலர் இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் பயின்றவர்கள். ஒரு புல்லும் முளைக்காத வெற்றுத்தரையே நன்கு பேணப்பட்ட தோட்டத்தின் அடையாளம் என்னும் கொள்கையையும் அவர்கள் உடன் கொண்டுவந்தனர். லாலான் புல்லைக் கண்டு அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அதன் கிழங்குவேர் ஒரு துண்டு எஞ்சினாலும் மீண்டும் தழைக்கும். வறட்சியில் எளிதில் தீப்பற்றும். ஆயினும் வெற்றுத்தரைக்கு மண் கொடுத்த விலை பெரிது. சரிவு நிலங்களில் பெய்த கனமழை மேல்மண்ணை அரித்துச் சென்று ஆறுகளில் வண்டலாக நிரப்பியது. கூலி மலிவாகக் கிடைத்தவரை இவ்விழப்பு கணக்கேட்டில் ஏறவில்லை. மண்ணரிப்பின் வரலாற்றையும் மலிவுழைப்பின் வரலாற்றையும் பிரித்தெழுத இயலாது என்பதே என் துணிபு.

1925இல் சட்டத்தின்வழி மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. தொடர்ந்து வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை சரிந்து, தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். களையெடுப்புச் செலவைத் தாங்க இயலாத நிலையில்தான் வெற்றுத்தரைக் கொள்கை தீவிரமாக ஐயுறப்பட்டது. அக்கழகத்தின் மண்ணியலாளர் ஹெயின்ஸ், இயற்கைக் கீழ்வளர்ச்சியைப் பயன்படுத்துவதும் கட்டுப்படுத்துவதும் பற்றி 1934இல் எழுதிய கையேடு இம்மாற்றத்தின் ஆவணமாகும். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தமையும் கூலிச் சிக்கனத்தின் தேவையை மிகுத்தது எனலாம்.

இயற்கைப் புல்பூண்டைக் காட்டிலும் பயறினக் கொடிகளே இறுதியில் நிலைபெற்றன. புவேரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் ஆகிய மூன்றின் விதைகளும் கலந்து வரிசைகளுக்கிடையே தூவப்பட்டன. இவற்றுள் முதலாவது ஆசியாவைச் சேர்ந்தது. ஏனைய இரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. கலப்போகோனியம் விரைந்து பரவி விரைந்து மடியும். புவேரேரியா பின்னர் இடத்தை நிரப்பும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரசனை மண்ணுக்குச் சேர்க்கும். கன்றுகளின் கிளைகள் கூடி நிழல் அடர்ந்ததும் கொடி தானே ஒடுங்கிவிடும். ஆனால் அது விட்டுச்சென்ற வளம் பல ஆண்டுகள் நீடிக்கும். எனினும் கன்றைச் சுற்றிய வட்டத்தில் கொடி ஏறிவிடாமல் காப்பதற்குத் தொழிலாளியின் கை தேவைப்பட்டது. களைக்கொத்து ஓய்ந்துவிடவில்லை, அதன் எல்லை சுருங்கியது.

சுருங்கிய அவ்வெல்லைக்குள் நஞ்சும் நுழைந்தது. முதலில் சோடியம் ஆர்சனைட்டு, 1960களிலிருந்து பாராகுவாட்டு. கொத்துப் பிடித்த பெண்களின் தோளில் தெளிப்புக்கலம் ஏறியது. தெளிப்புத் தொழில் செய்த பெண்களின் உடல்நலக் கேடுகளை 2002இல் தெனாகானித்தா அமைப்பு ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட பாராகுவாட்டுத் தடை 2006இல் தளர்த்தப்பட்டு, 2020இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மூடுகொடி மண்ணைக் காத்தது என்று பாராட்டும் வேளாண் நூல்கள் இப்பக்கத்தைப் புரட்டுவது அரிது.

மூடுபயிர் விதைவிடுமா என்னும் கேள்வியும் ஈண்டு எழுகிறது. மேலைநாடுகளில் இயல்தாவரங்களை மீட்டு நடுவோர், கோதுமையையும் காட்டுப்புல்லையும் கலந்து பெற்ற மலட்டுக் கலப்பினத்தை முதலில் விதைப்பதுண்டு. அது மண்ணைப் பிடித்துநின்று, தன் வழித்தோன்றலை விட்டுச்செல்லாமல் மறையும். இதற்கு நேர்மாறான படிப்பினை மைக்கேனியா. 1949இல் போகோர் தாவரப் பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்டுப் பின் இரப்பர் நிலங்களில் மூடுபயிராகப் பயன்பட்ட இக்கொடியின் இலேசான விதைகள் காற்றில் பறந்தன. இன்று அது தென்கிழக்காசியத் தோட்டங்களின் கொடுங்களைகளுள் ஒன்று.

1991இல் கோல்டன் ஹோப் நிறுவனம் மலேசியாவில் அறிமுகப்படுத்திய முக்கூனா பிராக்டியேட்டா இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. நம் சித்த மருத்துவர் அறிந்த பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்த இக்கொடி, திரிபுராக் காடுகளிலிருந்து கேரள இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்று, அங்கிருந்து இங்கு வந்தது. மலேசியத் தாழ்நிலத்தின் தட்பவெப்பத்தில் அது பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. பிறப்பால் மலடன்று, இடத்தால் மலடானது. கட்டுக்கடங்காத வேகத்தில் படர்ந்தாலும் விதைவழி வேலிதாண்டாது என்பது தோட்ட நிருவாகத்திற்கு நிம்மதி. ஆனால் அதன் விலையுயர்ந்த விதை இந்தியாவிலிருந்து வாங்கப்படுகிறது. அல்லது கொடித்தண்டை வெட்டி, பைகளில் நாற்றாக்கி, ஒவ்வொரு மறுநடவின்போதும் கையால் நடவேண்டும். அந்நாற்றங்கால்களில் இன்று பெரிதும் பணிபுரிவோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் ஆவர்.