மாத்தளையின் எலிக்காய்ச்சலும் மூஷிக விஷ மரபும்

2008ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியபோது 7,000க்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவாயினர். ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ நுண்ணுயிர் எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீரோடு வெளியேறி, வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் தங்கி, தோலிலுள்ள கீறல் வழியே மனிதருக்குத் தொற்றுகிறது. பெரும்போக, சிறுபோக வேலைகளை ஒட்டியே நோய் கூடுகிறது.

இந்நோயை ஆயுர்வேத நூல்களில் தேடுவோர் முதலில் சுட்டுவது சுஸ்ருத சங்கிதையின் கல்பஸ்தானம், ஏழாம் அத்தியாயம். மூஷிக விஷம், அதாவது எலி நஞ்சு, பற்றிய அந்த அத்தியாயம் பதினெட்டு வகை எலிகளைப் பெயர் சொல்லி வகைப்படுத்துகிறது. எலியின் விந்து உடலில் பட்டாலும், அது தோய்ந்த நகமோ பல்லோ தீண்டினாலும் அவ்விடத்து இரத்தம் கெடும் என்பது அதன் விளக்கம். முடிச்சு, வீக்கம், தடிப்பு, மூட்டுவலி, காய்ச்சல், மயக்கம், உணவில் வெறுப்பு, வாந்தி ஆகியன குறிகள். கடிவாயைச் சுடுதல், இரத்தம் வடித்தல், வாந்தி செய்வித்தல், வாகையும் மஞ்சளும் சேர்ந்த பூச்சு ஆகியன மருத்துவம். வெறிநாய்க்கடியும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் உத்தரஸ்தானத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே வைக்கிறது. விலங்கிலிருந்து வரும் நோய் இம்மரபில் தொற்று அன்று, விஷம்.

இக்குறிகளைக் கொண்டு மூஷிக விஷமே எலிக்காய்ச்சல் என்று முடிவுகட்டுவது அவசரம். கடித்த இடத்து வீக்கமும் தடிப்பும் மூட்டுவலியும், இன்று எலிக்கடிக் காய்ச்சல் எனப்படும் வேறொரு நோய்க்கே நன்கு பொருந்துகின்றன. கடுமையான எலிக்காய்ச்சலில் காணும் மஞ்சட்காமாலையும் சிறுநீர்த் தடையும் அப்பட்டியலில் முதன்மை பெறவில்லை. முழுதும் நீக்கப்படாத விஷம் மேகமூட்ட நாட்களில் மீண்டும் சீறும் என்ற சுஸ்ருதரின் கூற்றை மழைக்காலப் பரவலோடு இணைக்கத் தோன்றும். ஆனால் அது பேசுவது ஒரு நோயாளியிடம் நோய் திரும்புவதைப் பற்றி, ஊரெங்கும் பரவுவதைப் பற்றியன்று.

பரவலுக்கு நெருக்கமான சிந்தனை சரக சங்கிதையில், விமானஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் கெடும்போது வெவ்வேறு இயல்புள்ளோரும் ஒருசேர நோயுறுவர் என்கிறது அது. கெட்ட நிலத்தின் அடையாளங்களுள் எலிப் பெருக்கமும் ஒன்று. சரகர் எலியை நிலக்கேட்டின் அறிகுறியாகக் கண்டார். சுஸ்ருதர் நேரடித் தீண்டலைக் கண்டார். இடையிலுள்ள கண்ணி, எலியின் சிறுநீர் கலந்த நீர், இருவரிடமும் இல்லை. 1886இல் அடால்ஃப் வைல் நோயை விவரித்தார். 1915இல் ஜப்பானின் இனாடாவும் இடோவும் கிருமியைக் கண்டறிந்தனர். எலி அக்கிருமியைச் சுமக்கும் விலங்கு என்பது 1917இல் தெளிவாயிற்று. இலங்கையில் நோய் உறுதியானது 1950களில்.

ஆயுர்வேதம் நூல்களோடு நின்றுவிடவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இலங்கையில் இம்மருத்துவத்துக்குத் தனித் திணைக்களத்தையும் பதிவு முறையையும் அளித்தது. காய்ச்சலுக்குக் கொத்தமல்லியும் மரமஞ்சளும் சேர்ந்த கஷாயம் நாடெங்கும் வழக்கம். எலிக்காய்ச்சல் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றுவதால், கஷாயத்தோடு காத்திருக்கும் நாட்களே ஆபத்தானவை. நுண்ணுயிர்க்கொல்லி நன்கு பலனளிப்பதும் அந்நாட்களில்தான். வயலில் இறங்குவோருக்கு, சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனை வழியே, வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் முற்காப்பாகத் தரப்படுகிறது. மூஷிக விஷ அத்தியாயம் விஷம் ஏறியவருக்கே மருத்துவம் சொல்கிறது; நலமுள்ளவர் சேற்றில் இறங்குமுன் கொள்ளும் காப்பு அதன் எல்லைக்குள் வரவில்லை.