கயிறும் கையும்

யாழ்ப்பாண நகரில் வாப்பாவுக்கு ஓர் இரும்புக் கடை இருந்தது. ஆணி, சங்கிலி, தகரம் ஆகியவற்றோடு கடற்றொழிலுக்கு வேண்டிய கப்பி, கயிறு, நங்கூரம் முதலிய சாமான்களும் அங்கு கிடைக்கும். ஊர்காவற்றுறை, காரைநகர், வல்வெட்டித்துறை ஆகிய ஊர்களிலிருந்து அவற்றை வாங்க ஆட்கள் வருவார்கள். கடையின் பின்மூலையில், நான்கு போல்ட் போட்டுச் சீமெந்துத் தரையில் இறுக்கிய பழைய கைவின்ச் ஒன்று நின்றது. உடைத்த பாய்க்கப்பல் ஒன்றிலிருந்து வந்த பொருள் அது. லொறியில் வரும் பாரமான இரும்பை உள்ளே இழுக்க வாப்பா அதைத்தான் பயன்படுத்துவார்.

ஒரு காலத்தில் தண்டையலாக இருந்த முதியவர் ஒருவர் கடைக்கு வரும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்ப்பார்.

"நானா, உதை எனக்குத் தாருங்கோவன்."

"அண்ணை, உங்களுக்கிட்ட இப்ப கப்பலே இல்லையே. இத வெச்சு என்ன செய்யப் போறீங்க?"

"கப்பல் இல்லாட்டி என்ன? வீட்டில வச்சுப் பாத்துக்கொண்டிருப்பன்."

இருவரும் சிரிப்பார்கள். சிறுவனான எனக்கு அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது விளங்கவில்லை.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் தம்பியின் மகன். வளைகுடா நாடொன்றில் உல்லாசப் பாய்ப்படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவன் வேலை செய்கிறான். பாய்ப்படகு ஒன்றுக்கு மின் வின்ச் பூட்டிய விதத்தை அண்மையில் தொலைபேசியில் விரிவாகச் சொன்னான்.

கைவின்ச் என்பது நிமிர்த்தி வைத்த ஓர் உருளை. அதில் கயிற்றை மூன்று, நான்கு சுற்றுச் சுற்றிக் கைப்பிடியால் திருக வேண்டும். உள்ளே பற்சக்கரங்கள் விசையைப் பெருக்கும். 40ஆம் இலக்க வின்ச் என்றால், உராய்வில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், கை கொடுக்கும் விசையை அது ஏறத்தாழ 40 மடங்காக்கும். உருளை பின்னோக்கிச் சுழலாதபடி தடைப்பற்கள் பிடித்துக்கொள்ளும். சுற்றிய கயிற்றின் உராய்வே பெரும்பாரத்தைத் தாங்கிவிடுவதால், மறுமுனையைப் பிடித்திருப்பவனுக்குச் சிறு பலம் போதும்.

மின் வின்சில் கைப்பிடியின் வேலையை மோட்டார் செய்கிறது. ஆனால் அதைப் பூட்டுவது இலேசான வேலையல்ல. மேற்தளத்தில் துளையிட்டு மோட்டாரைக் கீழே தொங்கவிட வேண்டும். கீழே கட்டில் இருக்கிறதா, அலுமாரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இழுவை தளத்தைப் பிய்த்துவிடாதபடி அடியில் அகலமான தகடு வைத்து, நீர் கசியாமல் பசை பூசி, போல்ட்டை இறுக்க வேண்டும். கயிறு உருளைக்குச் சற்றே கீழிருந்து ஏறி வரவேண்டும். இல்லையேல் ஒரு சுற்றின் மேல் மறுசுற்று ஏறி இறுகிவிடும். 1,000 வாற்று மோட்டார் 12 வோல்ற்று பற்றரியில் ஓடும்போது 80 அம்பியருக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும். ஆகவே விரல் தடிப்பான கம்பிகளும், பற்றரிக்கு அருகிலேயே மின்னைத் துண்டிக்கும் ஆளியும் வேண்டும்.

"பெரியவாப்பா, இதில ஒரு ஆபத்து இருக்கு," என்றான் அவன். "கையால திருகினா பாரம் கூடுறது கைக்கே தெரியும். மோட்டருக்கு அது தெரியாது. எங்கயாவது சிக்கினாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். பாய் கிழியும், விரல் போகும். அதனால கைப்பிடியைக் கழற்றி எறிய வேணாம், பக்கத்தில வெச்சிருங்க என்று வாங்கினவருக்குச் சொல்லிட்டு வந்தேன்."

பாரம் கைக்குத் தெரியும் என்ற அந்தச் சொல் என்னை வல்வெட்டித்துறைக்குக் கொண்டுபோனது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் பர்மாவிலிருந்து அரிசியும் மலையாளக் கரையிலிருந்து ஓடும் ஏற்றிவந்தன. நாகபட்டினம் அவற்றுக்குப் பக்கத்து வீடு. அந்தக் கப்பல்களில் பாயை ஏற்றியவை கப்பி, கயிறு, கை ஆகிய மூன்றுமே. பல கைகள் ஒரே கணத்தில் இழுத்தால்தான் பாரம் அசையும். அந்தக் கணத்தைச் சொல்லிக் கொடுத்தது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்று இழுப்பார்கள். அம்பாவை நாட்டார் இலக்கியமாக மட்டும் படிக்கிறோம். அது கடலோடிகளின் வேலைக் கருவியுமாகும்.

அந்த ஊரில் கட்டப்பட்டவற்றுள் உலகம் அறிந்தது அன்னபூரணி. இரண்டு பாய்மரங்கள், ஏறத்தாழ 90 அடி நீளம். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். 1928க்கும் 1931க்கும் இடையில் 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர் அவர். தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரது ஊரைச் சேர்ந்த சில கடலோடிகளும் அன்னபூரணியைச் சூயெஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்கும், அங்கிருந்து அத்திலாந்திக்கைக் கடந்தும் செலுத்தி, 1938 ஓகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

அதற்கு ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று உரிமையாளரின் மனைவி பெயரிடப்பட்டது. பின்னர் தாகித்தி வரை அதைச் செலுத்திய இளைஞர் ஸ்ரேர்லிங் ஹைடன். பிற்காலத்தில் 'த கோட்ஃபாதர்' படத்தில் பொலிஸ் கப்டனாக நடித்தவர் அவர்தான். ஒரு கப்பலின் தலைமையை அவர் ஏற்றது அதுவே முதல் தடவை. அப்போது வயது 22.

அதே மசாசுசெட்ஸில் 36 ஆண்டுகளுக்கு முன், 1902இல், தோமஸ் டபிள்யூ. லோசன் என்ற கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்டது. ஏழு பாய்மரங்கள், 25 பாய்கள், 100 மீற்றருக்கு மேற்பட்ட நீளம். அத்தனை பாய்களையும் ஏற்றி இறக்க நீராவி வின்ச்சுகள் இருந்தமையால் சுமார் 18 பேரே போதுமாக இருந்தனர். கையின் இடத்தை இயந்திரம் எடுத்தால் பாய்க்கப்பல் பிழைத்துக்கொள்ளும் என்று அதன் முதலாளிகள் நம்பினார்கள். 1907 டிசம்பரில் எண்ணெய் ஏற்றிச் சென்றபோது இங்கிலாந்தின் சில்லித் தீவுகளருகே புயலில் சிக்கி அது உடைந்தது. உயிர் தப்பியவர் இருவர்: கப்டனும், இயந்திரங்களைக் கவனித்த பொறியாளரும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது கை உயர்ந்தது, இயந்திரம் தாழ்ந்தது என்று சொல்வதற்காக அல்ல. முதுகு ஒடிய இழுத்தவர்களுக்கு வின்ச் ஒரு நிஃமத். இயந்திரம் வந்தது, பாய் போனது என்று ஒரே வரியில் நாம் எழுதிவிடும் வரலாறு போதாது என்பதே என் எண்ணம். நீராவிக் கப்பலும் ரயிலும் லொறியும் சரக்கைப் பறித்தன என்பது உண்மையே. ஆனால் சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் சுங்கமும் நாகபட்டினத்தை வெளிநாடாக்கின. பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்து வணிகம் அரசுடைமையானது. பின்னர் போர்க்காலத் தடைகள் மீன்பிடி வள்ளத்தைக்கூடக் கரையில் கட்டிவைத்தன. வாப்பாவின் வின்ச்சைக் கேட்ட தண்டையலுக்குக் கப்பல் இல்லாமற் போனது அவர் கையில் பலம் குறைந்ததால் அல்ல. போவதற்கு அவருக்குத் துறை இருக்கவில்லை.

நம்மவர் எழுதும் வரலாற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரக்காயர் என்ற பெயர் மரக்கலராயர் என்பதிலிருந்து வந்தது என்று மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். சிங்களவர் நம்மை மரக்கல என்று அழைத்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று கப்பல் முதலாளிகளின் வமிசங்களை எழுதுகிறோம். அந்த மரக்கலங்களில் கயிறு இழுத்தவன் யார்? அவனுக்குக் கப்பல் எழுதித் தந்த பெயர் என்ன? எந்தக் காற்றுக்கு எந்தக் கயிற்றைத் தளர்த்த வேண்டும் என்ற அவனது அறிவை எவர் பதிந்தார்? அன்னபூரணி புகழ்பெற்றதால் தம்பிப்பிள்ளையின் பெயர் நிலைத்தது. கடல் கடந்த மற்றத் தோணிகளில் இழுத்தவர்கள் முஸ்லிமானாலும் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் ஒரே மறதிக்குள் கிடக்கிறார்கள்.

அறிவு ஏட்டில் இல்லாதபோது அது கையில் இருக்கிறது. கை ஊரில் இருக்கிறது. ஊரிலிருந்து மனிதரைப் பிரித்தால் அந்த அறிவும் போய்விடும்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு, பழக்கத்தில் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எந்தக் கப்பி எந்தத் தோணிக்கு, எந்தக் கயிறு உப்புத் தண்ணீரில் எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தளத்து அகதிக் கொட்டிலில் அதைக் கேட்க எவரும் வரவில்லை. அங்கேயே மௌத்தானார்.

2002இல் பாதை திறந்தபோது போய்ப் பார்த்தேன். கடைக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. பின்மூலையில் புல்லை விலக்கினேன். வின்ச்சை எவரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சீமெந்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன.

இதைத் தம்பி மகனிடம் இப்போதுதான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "பெரியவாப்பா, துளைக்குத் துளை எவ்வளவு தூரம் இருந்திச்சு? அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அளந்திருந்தால் அது எத்தகைய வின்ச் என்று அவன் சொல்லியிருப்பான்.