கொதிக்கும் கார்களின் கதை

குஜிலியம்பாறையில் இருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பழைய கார் கிளம்புகிறது என்று வைத்துக் கொள்வோம். கீழே சித்திரை வெயில், அதன் பிறகு சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு மலை ஏற்றம். உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். அதனால் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பழைய காருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது!

கார் பிறந்த நாளில் இருந்தே இந்தப் பிரச்சினை உண்டு. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியில் தண்ணீர் ஆவியாகித்தான் எஞ்சின் குளிர்ந்தது. அதனால் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். இதற்கு வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-இல் பந்தயங்களில் கலக்கிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு, 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அவர் செய்தார். காற்று படும் பரப்பு கூடியதால் 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. இரண்டு எஞ்சின்களும் ஒரே குடும்பம். இரண்டிலும் பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்வதால் ரேடியேட்டர் வேலை பார்ப்பது எளிது.

இந்தக் கார்களின் முதல் எதிரி போர் தண்ணீர். அதில் உள்ள உப்பு, குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து அடைத்துக் கொள்ளும். ரேடியேட்டரைக் கழற்றி, கம்பி விட்டு அடைப்பெடுத்து, பற்று வைப்பது பழைய வைத்தியம். உப்பில்லாத நீரில் கூலன்ட் கலந்து ஊற்றினால் அந்த நோயே வராது.

அடுத்தது மூடி. இது குக்கர் வெயிட் மாதிரி. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கொதிநிலையைச் சமவெளியில் 110 டிகிரிக்கு மேல் உயர்த்தும். ரப்பர் தேய்ந்துவிட்டால் அந்தப் பலன் போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது தெர்மோஸ்டாட். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிவது வழக்கம். ஆனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும். பழுதானதை மாற்றுவதே நல்லது. நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு மின்விசிறி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தலாம்.

1980களின் இறுதியில் ஸ்டாண்டர்டு கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஒருமுறை கொதித்து சிலிண்டர் ஹெட் வளைந்தால், புதியதைக் கம்பெனியில் வாங்க முடியாது. மிச்சமிருக்கும் ஹெரால்டுகளின் ஆயுள், கிளம்பும் முன் ரேடியேட்டரை எட்டிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.