புறநகரில் ஒரு சொந்த வீடு: வாங்கும் முன்பும் குடியேறிய பின்பும் கவனிக்க வேண்டியவை



வீட்டை மனிதன் அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆனில் (16:80) குறிப்பிடுகிறான். விசாலமான வீடும் நல்ல அண்டை வீட்டாரும் ஒருவரின் நற்பேறுகளில் அடங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆகவே சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால், வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே ஒரு கையெழுத்தில் போய்விடுவதையும், வீட்டின் பெயரால் உடன்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை இன்றிப் பிரிந்து நிற்பதையும் நம் ஊர்களில் பார்க்கிறோம். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பூந்தமல்லி, ஆவடி போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் குடியேற நினைக்கும் குடும்பங்களுக்காக, அவசியமான செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இடத்தைத் தேர்வு செய்தல்

நம்மில் பலர் முதலில் பார்ப்பது விலையை. அடுத்து ரயில் நிலையத்தை. அத்துடன் இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐவேளை ஜமாஅத் நடக்கும் பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? பிள்ளைகள் ஓத மக்தப் உண்டா? அந்தப் பகுதி ஜமாஅத்துக்கு மையவாடி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. புதிதாக உருவான புறநகர்களில் ஒரு மவ்த் நிகழ்ந்த பிறகுதான் ஜனாஸாவை எங்கே கொண்டு செல்வது என்று தேட வேண்டியிருக்கிறது. குடியேறும் முன்பே பகுதி ஜமாஅத் நிர்வாகிகளைச் சந்தித்து, சந்தா, உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றைக் கேட்டறிந்து கொள்வது நல்லது.

பள்ளிவாசல் சற்றுத் தொலைவில் இருப்பதை மட்டும் வைத்து ஓர் இடத்தை ஒதுக்கிவிடவும் தேவையில்லை. மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரிடம், இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நடக்கும் தூரத்துக்கும் நன்மை உண்டு.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை போன்ற பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்துவிடக் கூடாது. மனையை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவில் உள்ள பழைய வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரம் வரை இருக்கிறது என்று கவனியுங்கள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் தரகர் சொல்லாததைச் சொல்வார்.

வாஸ்துவைக் காரணம் காட்டிப் பலர் தெற்குப் பார்த்த மனையை வாங்கத் தயங்குவார்கள். அந்த நம்பிக்கை நமக்கில்லை என்பதால், காற்றும் வெளிச்சமும் வழியும் சரியாக இருக்கும் அத்தகைய மனையைத் தாராளமாகப் பேசி வாங்கலாம்.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

1. தாய்ப் பத்திரமும் கிரயப் பத்திரங்களும்: சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டும். நகல் போதாது, அசலைப் பாருங்கள். அசல் வேறெங்கோ அடமானத்தில் இருக்கக்கூடும்.

2. வில்லங்கச் சான்று: குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே அதில் தெரியும். நிலுவையில் உள்ள வழக்கோ, பதிவாகாத கடனோ தெரியாது.

3. பட்டா, புல வரைபடம்: விற்பவர் பெயரில் பட்டா உள்ளதா, பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று நில அளவரை வைத்து அளந்து பாருங்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அளந்து வாங்குவது நம் பணத்துக்கு மட்டுமல்ல, நம் மறுமைக்கும் பாதுகாப்பு.

4. அங்கீகாரம்: மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அனுமதியற்ற மனையின் விலைக் குறைவைப் பார்த்து ஏமாறாதீர்கள். வரன்முறைப்படுத்தப்படாத மனையை மீண்டும் விற்கவும், அதில் வீடு கட்ட அனுமதி பெறவும் முடியாமல் தவிப்பீர்கள்.

5. பொது அதிகாரப் பத்திரம்: எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் உறுதி செய்யுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

இவ்வளவையும் நாமே பார்த்தாலும், சொத்து விவகாரங்களில் அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து பெறாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நம் சமுதாயத்தவர் தவறவிடும் இரண்டு செய்திகள்

முதலாவது, வாரிசுப் பங்கு. முஸ்லிம் குடும்பத்தின் பூர்வீக வீட்டை வாங்கும்போது, ஆண் பிள்ளைகள் மட்டும் வந்து கையெழுத்திடுவது வழக்கமாக நடக்கிறது. திருக்குர்ஆன் (4:11) பெண் மக்களுக்கும் பங்கு வகுத்திருக்கிறது. அக்காமார், தங்கச்சிமார், தாயார் அனைவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது முறையான விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். கல்யாணத்தின்போதே கொடுத்துவிட்டோம் என்ற வாய்ச் சொல் சட்டத்திலும் நிற்காது, மார்க்கத்திலும் பங்கை நீக்காது. தந்தை இறந்த குடும்பத்தில் வயது வராத பிள்ளைகள் இருந்தால், அவர்களின் பங்கைத் தாயோ மூத்த அண்ணனோ தாமாக விற்க முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி வாங்கிய பங்கு செல்லாது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வழக்கு வரும். அநாதைகளின் சொத்தைப் பற்றிக் குர்ஆன் (4:10) விடுக்கும் எச்சரிக்கையை வாங்குபவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வக்ஃப் நிலம். வக்ஃப் சொத்தை விற்கவோ, தானமாக மாற்றவோ, அடமானம் வைக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. பழைய பள்ளிவாசல், தர்கா, மையவாடி ஆகியவற்றை ஒட்டிய சர்வே எண் என்றால், தமிழ்நாடு வக்ஃப் வாரியத்தில் விசாரித்துவிட்டே அடுத்த அடி எடுத்து வைக்கவும்.

யார் பணம், யார் பெயர்?

வெளிநாட்டில் இருக்கும் தம்பி பணம் அனுப்புவார். ஊரில் இருக்கும் அண்ணன் தன் பெயரில் பதிவார். இருவரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். அண்ணன் மவ்த்தான பிறகு, அவருடைய வாரிசுகளுக்கு அது அவர் சொத்தாகவே தெரியும். பினாமி தடைச் சட்டத்தின்படி, வாங்குபவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் உடன்பிறந்தவர் பெயரைச் சேர்த்து வாங்குவதற்கு விலக்கு உண்டு. அவர் பெயர் மட்டும் இருந்தால் பணம் கொடுத்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோருவதே கடினம். எனவே பணம் கொடுத்தவரின் பெயர் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருந்தபடி வாங்குபவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க அனுமதி இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

வட்டி ஹராம் என்பதில் (2:275) நமக்கு ஐயமில்லை. இந்திய வங்கித் துறையில் வட்டியில்லா வங்கிப் பிரிவைத் தொடங்கும் யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017ல் முடிவெடுத்தது. எனவே நம் குடும்பங்கள் வேறு வழிகளைத்தான் தேட வேண்டியுள்ளது.

ஸஹாபாக்கள் காலத்துச் செய்தி ஒன்று புகாரியில் உள்ளது. அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் தம் இரண்டு அறைகளை அண்டை வீட்டாரான ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு 4,000 திர்ஹத்துக்கு, அதுவும் தவணையில் விற்றார்கள். வேறொருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தும், அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருந்ததால் குறைந்த தொகைக்கு விட்டுக் கொடுத்தார்கள். ஒரே விலையை நிர்ணயித்துத் தவணையில் வாங்குவது ஆகும் என்பதற்கு இதில் வழிகாட்டுதல் இருக்கிறது. கட்டுமான நிறுவனத்திடமோ, மனை விற்பவரிடமோ இப்படிப் பேச முடியும். தாமதமானால் கூடுதல் தொகை என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் நுழைந்துவிடாமல் பார்த்து, ஓர் ஆலிமிடம் ஒப்பந்தத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

மனையை மட்டும் முதலில் வாங்கி, கையில் பணம் சேரச் சேரக் கட்டுவது இன்னொரு வழி. உறவினர்களிடம் அழகிய கடன் வாங்கினால், குர்ஆன் (2:282) கட்டளையிட்டபடி எழுதி, சாட்சி வைத்துக் கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் என்ன பத்திரம் என்று கூச்சப்படுவதால்தான் சொந்தம் முறிகிறது. ஹலால் முதலீடு, மாதாமாதம் உறுதியான லாபம் என்று அழைப்பவர்களிடம் வீட்டுப் பணத்தைக் கொடுத்து இழந்துவிடாதீர்கள்.

பதிவுச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் மனை, தனி வீடு கிரயத்துக்கு 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என மொத்தம் 9 விழுக்காடு ஆகிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். விலை 50 லட்சத்தை எட்டினால், வாங்குபவரே 1 விழுக்காடு வருமான வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதம் வேறு, கணக்காயரைக் கேளுங்கள்.

பழைய வீட்டைப் புதுப்பித்தல்

பழைய வீடு வாங்கினால் வண்ணம் பூசுவதில் இருந்து தொடங்காதீர்கள். முதலில் மொட்டை மாடி. தட்டோடு பெயர்ந்து மழைநீர் இறங்குகிறதா, கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்கிறதா என்று பொறியாளரை வைத்துப் பாருங்கள். அடுத்து சுவர் ஓதம், பிறகு குழாய், மின்கம்பிகள், எர்த். கடைசியில்தான் டைல்ஸும் பெயின்ட்டும். கூடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்வதைக் கேட்டுச் சுவரை இடிக்கும் முன், அது பாரம் தாங்கும் சுவரா என்று கேளுங்கள். தூண் இல்லாத பழைய வீடுகளில் சுவரே தூண்.

மேல்தளம் எடுப்பதென்றால் அனுமதி வேண்டும். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலை முதல் உள்ளது. மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழி தூர்ந்து கிடந்தால் சீர் செய்யுங்கள்.

மேஸ்திரியிடம் வேலையின் அளவு, கூலி, பொருள் யாருடையது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை எழுதிக் கொள்ளுங்கள். பேசிய கூலியைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

சென்னையில் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்திருக்கிறது. தொழும் இடத்தை ஒதுக்கும்போது இதைக் குறித்து வையுங்கள். கழிப்பறை மேடையைக் கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் அமைத்துவிட்டால், கட்டடத்துக்குள் ஆகுமா என்ற கருத்து வேறுபாட்டில் இருந்தும் விலகிக் கொள்ளலாம். ஜன்னல் எதிர் வீட்டுப் படுக்கையறையைப் பார்க்காதபடி வைத்தால் இரு வீட்டாரின் கண்ணியமும் காக்கப்படும்.

அண்டை வீட்டாரும் அன்றாட வாழ்வும்

புறநகர்த் தெருவில் எல்லாச் சமயத்தவரும் இருப்பார்கள். அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதே நபிமொழியை நினைவுகூர்ந்துதான் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று விசாரித்தார்கள். ஜல்லியும் மணலும் தெருவில் கொட்டும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மதிய ஓய்வு நேரத்தில் டிரில்லிங் வேண்டாம். குர்பானிக் கழிவைக் கால்வாயில் விடாதீர்கள். பெருநாளன்று பிரியாணியோடு நம் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

புதுமனை புகும்போது பூசணிக்காய் உடைப்பது, திருஷ்டி பொம்மை கட்டுவது போன்றவற்றுக்கு இடம் தராதீர்கள். ஸலாம் சொல்லி நுழைவோம். ஸூரத்துல் பகரா ஓதப்படும் வீட்டிலிருந்து ஷைத்தான் வெருண்டோடுகிறான் என்பது நபிமொழி. இல்லங்களைக் கப்றுகளாக்கிவிடாமல், உபரித் தொழுகைகளில் சிலவற்றை வீட்டில் தொழுவோம். விருந்து கொடுத்தால், வீட்டைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும் முதல் வரிசையில் அமரட்டும்.

வட்டியின் கறையும் உடன்பிறந்தாரின் கண்ணீரும் படியாத வீடு இரண்டே அறையாக இருந்தாலும் அதில் நிம்மதியாகத் தூங்கலாம். அத்தகைய இல்லத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் இம்மையில் தந்து, மறுமையில் சுவனத்திலும் ஓர் இல்லத்தை அமைத்துத் தருவானாக. ஆமீன்.