பன்னீரின் பெயரால் வந்த மலர்: ரோஜாவின் வரலாறும் எறையூர் மண்ணும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஐப்பசி மழை இறங்கியதும் எறையூர்த் தெருக்களில் செடி வண்டிகள் வரத் தொடங்குகின்றன. கறுப்புப் பைகளில் ரோஜாச் செடிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பெரிய பூக்கள். நாம் வாசலில் நின்று நிறம் பார்த்து வாங்குகிறோம். மார்கழி வரை அவை பூக்கின்றன. மாசி பிறந்ததும் இளந்தளிர்கள் வெளிறுகின்றன. சித்திரையில் கிளைகள் நுனியிலிருந்து கருகி இறங்குகின்றன. சென்ற ஆண்டு நம் வீட்டு முற்றத்தில் வைத்த நான்கு செடிகளில் மூன்று இவ்வாறே மடிந்தன. "ரோஜா நம்ம மண்ணுக்கு ஆகாது" என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் அதே தெருவில் நன்னிமா ஒருவரின் கொல்லையில் பன்னீர் ரோஜாப் புதர் ஒன்று செழித்து நிற்கிறது. மணமாகி இவ்வூருக்கு வந்த காலத்தில் தாய்வீட்டிலிருந்து ஒடித்து வந்த குச்சி அது என்கிறார். மண் அதே மண். தண்ணீரும் அதே ஆழ்குழாய்த் தண்ணீர். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றுக்குள் நம்மை அழைத்துச் சென்றது.

பெயர் சொல்லும் செய்தி

பாரசீக மொழியில் 'குல்' என்றால் பூ. 'ஆப்' என்றால் நீர். ஆகவே 'குலாப்' என்ற சொல்லுக்கு அம்மொழியில் பன்னீர் என்பதே பொருள். அச்சொல் இந்தியாவுக்கு வந்தபின் உருதுவிலும் இந்தியிலும் பூவின் பெயராகவே நிலைத்துவிட்டது. தமிழிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. 'பனிநீர்' என்பதே பன்னீர் ஆயிற்று. ஐரோப்பியர் வழியே வந்த 'ரோஜா' என்ற சொல்லோடு அது சேர்ந்து 'பன்னீர் ரோஜா' என்ற பெயர் பிறந்தது. வடக்கிலும் தெற்கிலும் மக்கள் இப்பூவை அதன் நீரைக் கொண்டே அடையாளம் கண்டனர். நிறத்தைவிட மணமே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சாட்சி.

அரபியில் ரோஜாவுக்கு 'வர்த்' என்று பெயர். அச்சொல் திருக்குர்ஆனில் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே அது தோட்டத்து மலரைப் பேசவில்லை. இறுதி நாளில் பிளந்து செந்நிறமாகும் வானத்தை உவமிக்கிறது. நறுமணச் செடி அன்பளிப்பாகத் தரப்பட்டால் மறுக்க வேண்டாம், அது சுமக்க எளியது, மணம் இனியது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நபி (ஸல்) அவர்களின் வியர்வைத் துளியிலிருந்து ரோஜா படைக்கப்பட்டது என்ற செய்தி நம் வீடுகளில் பரவலாகச் சொல்லப்படுகிறது. இமாம் நவவி (ரஹ்) அது ஆதாரபூர்வமானதன்று என்றார். இப்னு ஹஜர் (ரஹ்) அதனை இட்டுக்கட்டப்பட்டது என்றே கூறினார். ரோஜாவை நேசிக்க நமக்குப் பொய்யான அறிவிப்பு எதுவும் தேவையில்லை. அல்லாஹ்வின் படைப்பு என்பதே போதுமானது.

பன்னீர் வடித்தவர்கள்

பன்னீர் வடிக்கும் முறையை இப்னு சீனா கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுகின்றனர். அவர் வாழ்ந்தது 980 முதல் 1037 வரை. அவருக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் முன்னரே, 9ஆம் நூற்றாண்டில், அல்கிந்தி நறுமணப் பொருள்களும் வாலைவடித்தலும் குறித்துத் தனி நூலே எழுதிவிட்டார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. கலீஃபா மஃமூன் காலத்து வரிப்பட்டியலை எடுத்தாளும் இப்னு கல்தூன், பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணம் ஆண்டுதோறும் 30,000 குப்பி பன்னீரைப் பக்தாதுக்கு அனுப்பியதாகக் குறிப்பிடுகிறார். அத்தனை குப்பிகளை நிரப்ப எத்தனை ரோஜாத் தோட்டங்கள் வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1187இல் சுல்தான் ஸலாஹுத்தீன் ஜெரூசலத்தை மீட்டபோது, குப்பத்துஸ் ஸக்ரா பன்னீரால் கழுவப்பட்டது. இன்றும் கஅபாவைக் கழுவும் நீரில் ஸம்ஸமுடன் பன்னீர் சேர்க்கப்படுகிறது.

இந்தியாவுக்கு வந்த பாபர், ஆக்ராவில் தாம் அமைத்த தோட்டத்தின் பாத்திகளில் ரோஜாவும் நர்கிஸும் ஒழுங்காக நடப்பட்டதைத் தம் நினைவேட்டில் எழுதியுள்ளார். தம் மகள்களுக்கு அவர் இட்ட பெயர்கள் குல்ரங், குல்சிஹ்ரா, குல்பதன். மூன்றிலும் அந்தக் 'குல்' உண்டு. ரோஜா அத்தர் உருவான கதையை ஜஹாங்கீர் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். பன்னீர் வடிக்கும்போது பாத்திரத்தின் மேற்பரப்பில் மிதந்த எண்ணெய்ப் படலத்தைச் சேகரித்தவர் நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம். அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' என்று பெயர் சூட்டியவர் ஸலீமா சுல்தான் பேகம். இக்கண்டுபிடிப்பின் பெருமை பெண்கள் இருவருக்கும் உரியது என்பதை நம் மகள்களுக்குச் சொல்ல வேண்டும்.

பாரசீக மொழியில் நடந்த அரசுகளின் சுவடு நம் பகுதியிலும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வாலிகண்டபுரத்தில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி இருந்தார். கர்நாடக நவாபுகளின் காலத்தோடு தொடர்புடைய ரஞ்சன்குடிக் கோட்டை எறையூரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நிக்காஹ் மஜ்லிஸில் வருவோரைப் பன்னீர்ச் செம்பால் தெளித்து வரவேற்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே நிலைத்திருக்கிறது. ஆனால் செம்பில் இருப்பது பெரும்பாலும் வாசனைச் சாறு கலந்த வெறும் நீர். கடைக் குப்பியை மோந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உண்மையான ரோஜாவின் மணம் அந்நியமாகிவிட்டது.

மண்ணை முதலில் ஆராய்ந்தவர்கள்

நம் தேடலில் மிகவும் பயன்பட்டவர்கள் அந்தலூசியாவின் வேளாண் அறிஞர்கள். 11ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால், ஹஜ் பயணம் சென்று வந்தவர். தம் கைப்பட உழுது நட்டுக் கண்டவற்றையே நூலாக்கியவர். அவர் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இயல்பையும் விளக்கினார். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவில்லியைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களை விவரிக்கிறது. ரோஜாவும் அவற்றுள் ஒன்று. மண், நீர், எரு ஆகியவற்றைப் பேசிய பின்னரே அந்நூல் செடிகளுக்கு வருகிறது. நாம் செய்ததோ இதற்கு நேர்மாறு. பூவின் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, செடி வாடியபின் மண்ணைக் குறை கூறினோம்.

நிறம் வந்தது, மணம் குறைந்தது

பன்னீருக்குப் புகழ்பெற்ற ரோஜா டமாஸ்கஸ் நகரின் பெயரைத் தாங்கியது. தாவரவியலாரும் அதனை 'ரோஸா டமாஸ்கீனா' என்றே அழைக்கின்றனர். தாயிஃப் நகரத்து ரோஜாவும் கன்னோஜ் அத்தருக்குரிய ரோஜாவும் இவ்வினத்தவையே. இது பெரும்பாலும் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் பூக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவை அடைந்தன. அவற்றின் சிறப்பு, ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் பூப்பது. இரு மரபுகளும் கலந்ததில் புதிய இனங்கள் பெருகின. 1867இல் பிரான்சில் வெளிவந்த 'லா ஃபிரான்ஸ்' என்ற இனமே இன்றைய 'ஹைப்ரிட் டீ' ரோஜாக்களின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பின்வந்த இனவிருத்தியாளர் பலர் நிறம், வடிவம், நீண்ட காம்பு, பறித்தபின் வாடாத்தன்மை ஆகியவற்றையே நாடினர், மணம் பின்தள்ளப்பட்டது. ஓசூரின் பசுமைக்குடில்களிலிருந்து வெளிநாடு செல்லும் கொய்மலர்கள் இவ்வகையின. உதகையில் 1995இல் அமைக்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்கா, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது பெற்றது. அங்கே ஆயிரக்கணக்கான வகைகள் செழிக்கின்றன. ஆனால் உதகையின் குளிரும் அமிலத்தன்மை கொண்ட மண்ணும் நமக்கு இல்லை.

இக்கலப்பின் மற்றொரு கிளை நமக்கு மிக நெருக்கமானது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அக்காலத்தில் 'பூர்போன்' என்று பெயர். அங்கே டமாஸ்கஸ் இன ரோஜாவையும் சீன ரோஜாவையும் வேலிச் செடிகளாக நட்டிருந்தனர். அவ்வேலிகளில் இரண்டும் தாமே கலந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய ரோஜா கண்டெடுக்கப்பட்டது. 'ரோஸ் எதுவார்' என்று பெயர் பெற்ற அது இந்தியாவில் 'எட்வர்ட் ரோஜா' ஆயிற்று. நம் பக்கத்தில் பன்னீர் ரோஜா என்று பொதுவாக அழைக்கப்படுவது இதுவே. டமாஸ்கஸின் மணமும் சீனத்தின் மறுபூப்பும் இதில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. வெப்பக் கடல்தீவின் வேலியில் பிறந்ததால் வெயிலும் இதற்குப் புதிதன்று. நன்னிமாவின் கொல்லைப் புதர் நிலைத்ததற்கு முதற்காரணம் இங்கே இருக்கிறது.

இதே கருத்தைத் தம் பணியாகவே மேற்கொண்டவர் எம்.எஸ். வீரராகவன். இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் ரோஜா இனவிருத்தியில் ஈடுபட்ட அவர், குளிர்நாட்டு ரோஜாக்களை வெப்பநாட்டில் திணிப்பதைவிட, இந்தியாவின் காட்டு ரோஜாக்களான 'ரோஸா கிளினோஃபில்லா', 'ரோஸா ஜைகான்டியா' ஆகியவற்றைக் கொண்டு வெப்பத்தைத் தாங்கும் வகைகளை உருவாக்கலாம் என்று காட்டினார்.

எறையூருக்கு எவ்வாறு?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஒரு பகுதி ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. காரையின் கடலுயிர்ப் படிமங்களும் அரியலூரின் சுண்ணாம்புக்கல்லும் அதற்குச் சான்று. இத்தகைய நிலத்திலும் கடினமான ஆழ்குழாய் நீரிலும் காரத்தன்மை மிகும். ரோஜா விரும்புவதோ கார அமிலக் குறியீடு 6 முதல் 7 வரை உள்ள மண். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதன் அடையாளம். நம் மூன்று செடிகளும் காட்டிய அடையாளம் இதுவே. நாம் அதைத் தண்ணீர்க் குறை என்று எண்ணி, அதே உப்புநீரை மேலும் ஊற்றினோம்.

ஆகவே தேர்வு இவ்வாறு அமையட்டும். முதற்செடி பன்னீர் ரோஜாவாக இருக்கட்டும். அதை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி மழைக்காலத்தில் நட்டால் வேர்விடும். ஒட்டுச்செடி வாங்குவதானால் பூவைப் பார்க்க வேண்டாம். ஒட்டுப்பகுதி உறுதியாக இருக்கிறதா, கீழிருந்து இரண்டு மூன்று திடமான கிளைகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைப்பது அடிச்செடியின் தளிர்; அதை உடனே அகற்றாவிட்டால், அதுவே வளர்ந்து மேற்செடியை அழித்துவிடும்.

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில், ஒன்றரை அடி ஆழ அகலக் குழி எடுத்து, மட்கிய தொழுவுரம் 10 கிலோவும் செம்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். கரும்பாலை உள்ள நம் ஊரில் கரும்புச் சோகைக்குப் பஞ்சமில்லை. அதைச் செடியைச் சுற்றிப் பரப்பினால் கோடையில் வேர் குளிர்ந்திருக்கும், மட்கியபின் உரமுமாகும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது மிகச் சிறந்தது. நீரைக் காலையில் வேருக்கு மட்டும் விடவேண்டும். இலை இரவில் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். தளிர் வெளிறினால் ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் சிறிது எலுமிச்சை உப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஐப்பசி முதல் கார்த்திகைக்குள் ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்யவேண்டும். சென்ற பருவத்துக் கிளைகளைப் பாதியளவு வெட்டி, காய்ந்தவற்றையும் குறுக்கே ஓடுபவற்றையும் நீக்கி, எரு இடவேண்டும். பூக்கும் செடியை வெட்ட நம் மனம் ஒப்புவதில்லை. நன்னிமா மட்டும் தயங்காமல் வெட்டுகிறார். வெட்டிய குச்சிகளைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். கடும் பூச்சிமருந்து அடிப்பதையும் அவர் அறியார். தேனீ வந்து அமரும் பூ, குல்கந்துக்கு இதழ் பறிக்கும் பூ. அதில் நஞ்சு எதற்கு?

ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து. நடுவதற்கு அத்தனை நன்மை இருக்கும்போது, நட்டதை அறியாமையால் சாகவிடுவதற்கு நாம் பொறுப்பேற்க வேண்டாமா?

இவ்வாண்டு மழை இறங்கியதும் நாம் வண்டிக்காரரை நோக்கிச் செல்லவில்லை. நன்னிமா வீட்டுக்குச் சென்று ஸலாம் சொல்லி, நான்கு குச்சிகள் கேட்டு வாங்கி வந்தோம். மூன்று தளிர்த்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். நம் பிள்ளைகளின் நிக்காஹ் நாளில் செம்பில் உண்மையான பன்னீர் இருக்கவேண்டும் என்பது நம் ஆசை. அது நிறைவேற அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.