நீர்க்கழி (சன்னல் துப்புரவு)

தரையில் நின்றபடியே மாடிச் சன்னல்களைக் கழுவ உதவும் நீண்ட கழி. குழாய் வழியே நுனியிலுள்ள தூரிகைக்குத் தூய நீர் செல்லும். பிரிட்டனில் உயரப் பணி விதிமுறைகள் 2005-இல் வந்தபின், ஏணி ஏறத் தேவையில்லாத இம்முறைக்கு வரவேற்பு கூடியது. எதிர்ச் சவ்வூடுபரவல், அயனிநீக்கப் பிசின் ஆகியவற்றால் உப்பு நீக்கிய நீர் என்பதால், துடைக்காமலே திட்டின்றிக் காயும்.

கழி வாங்குவோர் முதலில் எடையைக் கேட்பார்கள். விறைப்பையும் கேட்க வேண்டும். கண்ணாடியிழைக் கழி மலிவு, முதல் மாடிக்குப் போதும். மேலும் நீட்டினால் வளைந்து, தூரிகை கைக்கு அடங்காது. கார்பன் இழை இலேசானது, விறைப்பானது, விலை கூடியது, மின்சாரத்தையும் கடத்தும். மின்கம்பி அருகே எந்தக் கழியும் ஆகாது; நனைந்த கண்ணாடியிழையும் ஆபத்தே. ஒன்றினுள் ஒன்று அடங்கும் கழியில், நீட்டாத துண்டுகளையும் சேர்த்தே சுமக்க வேண்டும். ஆகவே ‘இருக்கட்டும்’ என்று மிக நீளமாக வாங்குவது தோள்வலிக்கே வழி.

தூரிகையில் நைலான் இழை நெடுநாள் உழைக்கும். நுனி பிளந்த இழை கண்ணாடியில் வழுக்கிச் செல்லும். பிளவாத இழை சட்டத்து அழுக்கைச் சுரண்டும். பல நாள் கழுவாத சன்னலுக்குப் பன்றிமயிர் நல்லது, ஆனால் சீக்கிரம் தேயும். தூரிகையிலிருந்து பாயும் நீர்த்தாரையும் கண்ணாடிக்கேற்ப மாறும். நீர் படலமாகப் பரவும் கண்ணாடிக்கு மெல்லிய தாரையே போதும். முத்து முத்தாகத் திரளும் கண்ணாடிக்கு விசிறித் தாரை வேண்டும்.